மூட்டைக்கு அருகில் ஆள் இல்லை

நான் செய்யும் வேலைக்கு எங்கள் உறவினர்களிடையே இன்னும் ஒரு பெயர் வாய்க்கவில்லை. கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் விளையாட்டுகள் உருவாவதற்கு முன்பே, அவற்றில் என்னென்ன இருக்கும், எது எப்போது நடக்கும், எது நடக்கவே கூடாது என்பதை எழுதிவைப்பவள் நான். அதற்கு வடிவமைப்பு ஆவணம் என்று பெயர். படம் வரைபவரும் நிரல் எழுதுபவரும் ஒலி சேர்ப்பவரும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். விளையாடுகிறவர்கள் அதில் ஒரு வரியைக்கூடப் படிப்பதில்லை.

முன்பு கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தேன். மோட்டாரை எப்படிப் பொருத்துவது, எப்படிக் கழற்றுவது, எதைத் தொடக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கே வந்தது. கையேட்டைப் படிக்கிறவர் ஒரு கையில் ஸ்பானரைப் பிடித்திருப்பார். மறுகையால்தான் பக்கத்தைத் திருப்புவார். அவரை இரண்டாம் முறை படிக்க வைத்தால் அது எழுதியவரின் குற்றம்.

என் கணவர் கால்நடை மருத்துவர். அவருக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது நானும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு வாடகை வீடு. சன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் தெரியும். வந்த புதிதில் எனக்கு எழுத எதுவும் இல்லை. நாட்குறிப்பு மட்டும் எழுதினேன். அது பள்ளி நாளிலிருந்து விடாத பழக்கம்.

அந்தச் சமயத்தில்தான் மோட்டார் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி போன் செய்தார். கோயம்புத்தூரில் சொந்தமாக ஒரு விளையாட்டு ஸ்டூடியோ தொடங்கியிருந்தார். ஸ்டூடியோ என்றால் ஒரு மாடி அறையும் நான்கு பேரும்.

"அக்கா, மோட்டாருக்கு எழுதுன மாதிரி எனக்கு ஒரு பஸ்ஸுக்கு எழுதித் தர்றீங்களா?" என்றார்.

"என்ன பஸ்?"

"மலை பஸ்ஸுங்க. நீங்க அங்கதான இருக்கீங்க!"

இப்படித்தான் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தேன்.

விளையாட்டு இதுதான். ஆடுகிறவர் மலைப்பாதையில் ஓடும் ஒரு பஸ்ஸின் டிரைவர். யாரையும் முந்த வேண்டியதில்லை. அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் தொடங்கி, கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக ஏறி, மேலே வந்து சேர வேண்டும். வழியில் கைகாட்டுகிறவர்களை ஏற்ற வேண்டும், அவரவர் இடத்தில் இறக்க வேண்டும், அதற்குள் நேரமும் தவறக் கூடாது. யாரையாவது விட்டுவிட்டுப் போனால் மறுநாள் அந்த வளைவில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். விளையாட்டில் தண்டனை என்று இருப்பது அது ஒன்றுதான். அதைக் கேட்டதும் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எழுதுவதற்காகப் பஸ்ஸில் போனேன். கண்டக்டருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து கீழே காரவள்ளி வரை போவேன். இறங்காமல் அதே பஸ்ஸில் மேலே வருவேன். பார்த்ததை எல்லாம் அங்கேயே குறித்துக்கொள்வேன். சில நாட்கள் பொறுத்துப் பார்த்த கண்டக்டர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க டாக்டரூட்டம்மா, நேத்தும் வந்தீங்க, இன்னைக்கும் வாரீங்க. கீழ போயி எறங்காமயே மேல வாரீங்களே, என்ன சமாச்சாரமுங்க?"

"ஒரு விளையாட்டு செய்யறோங்க. அதுல இந்த பஸ் வருது. அதுக்குத்தான் பாத்து எழுதிக்கறேன்."

அன்னாசிக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "வெளையாட்டுக்கு எதுக்குங்க எழுதோணும்? வெளையாண்டாப் போச்சு!"

"எழுதி வெச்சாத்தான் மத்தவங்க அதைச் செய்ய முடியும்."

"அப்ப அதுல வர்ற கண்டக்டரும் சில்லறை இல்லைன்னுதான் சொல்லுவாருங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நீங்க எறங்கற எடம் வரட்டுமுங்க அக்கா, அங்க வெச்சுப் பேசிக்கறேன்."

"இதையும் எழுதிக்கங்கம்மா! மெரட்டறாரு பாருங்க!"

எழுதிக்கொண்டேன். சில்லறை இல்லாத கண்டக்டரும் அவரைக் கிண்டல் செய்யும் பயணியும் ஆவணத்தின் மூன்றாம் பகுதியில் இருக்கிறார்கள்.

வேலையின் கடினம் வேறு இடத்தில் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் புரிந்துவிடும். வீட்டுக்கு வந்து எழுதினால் வாக்கியம் எதையும் பிடிக்காது. "பஸ் வளைவில் மெதுவாகத் திரும்பும்" என்று எழுதினால் நிரல் எழுதுபவரால் என்ன செய்ய முடியும்? மெதுவாக என்பது அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "பக்கத்தில் ஓர் ஆள் நடந்து வந்தால் பின்தங்கிவிடாத வேகத்தில்" என்று எழுதினேன். அழகாக, வேகமாக, நிறைய, சில சமயம் ஆகிய சொற்களை என் ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. ஒரு விதியை முதலில் நாட்குறிப்பில் தமிழில் எழுதுவேன். அடுத்த நாள் காலை படிக்கும்போதும் அது அதே பொருளைத் தந்தால்தான் ஆவணத்தில் ஆங்கிலத்தில் ஏற்றுவேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

அப்படியும் ஒரு விதி தவறாகப் போனது.

இந்த மலையில் ஒரு வழக்கம். மிளகோ பலாவோ சாமையோ மூட்டை கட்டி வளைவின் ஓரத்தில் வைத்துவிட்டு, வைத்தவர் போய்விடுவார். பஸ் வரும்போது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், மூட்டை மட்டும் இருக்கும். டிரைவர் நிறுத்துவார். கண்டக்டர் இறங்கி, "இது இன்னாரு ஊட்டு மூட்டை" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு பஸ்மேல் ஏற்றுவார். அது இறங்க வேண்டிய இடத்தில் ஒருவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார். எந்த வளைவில் இருக்கும் மூட்டை யாருடையது, எங்கே போகும் என்பது அந்தப் பாதையில் ஓடுகிறவர்களுக்குப் பழகப் பழகத் தெரிந்துவிடும். விளையாட்டுக்கு இதைவிட நல்ல விஷயம் வேறு கிடைக்காது என்று நினைத்தேன். ஆடுகிறவரும் பழகப் பழகக் கற்றுக்கொள்வார் அல்லவா?

விதியை இப்படி எழுதினேன்: "வளைவின் ஓரத்தில் மூட்டை இருந்தால் பஸ் நிற்கும். கண்டக்டர் மூட்டையை பஸ்மேல் ஏற்றுவார்." ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். திருப்தியாக இருந்தது.

படங்கள் வரைபவர் சென்னையில் வளர்ந்த பெண். அவர் அந்த வளைவை வரைந்து அனுப்பினார். மூட்டை சரியாக இருந்தது. அதன் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் கைகாட்டிக்கொண்டு நின்றார்.

நான் அழைத்துக் கேட்டேன்.

"அக்கா, மூட்டையை யார் வெச்சாங்கன்னு நீங்க எழுத மறந்துட்டீங்க. அதான் நானே ஒருத்தரை வெச்சுட்டேன். நல்லா இருக்காருல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கார். ஆனா அங்கே யாரும் இல்லை."

"யாரும் இல்லாம மூட்டை மட்டும் எப்படி அக்கா? எங்க ஊர்ல அப்படி ஒண்ணு கெடந்தா பாம் ஸ்குவாடு வந்துரும்! நாயோட!"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கும்தான். ஆனால் போனை வைத்த பிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கவனக்குறைவாகப் படிக்கவில்லை. கவனமாகப் படித்து, ஒரு குறை இருப்பதைக் கண்டுபிடித்து, எனக்கு உதவி செய்திருந்தார். ஆவணத்தில் நான் விட்ட இடத்தை ஒவ்வொருவரும் தம் ஊரைக் கொண்டு நிரப்புவார்கள். அதைத் தடுக்க விதி மட்டும் போதாது.

மோட்டார் கம்பெனியில் என் மேலதிகாரி ஒரு பாடம் சொல்லியிருந்தார். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது; ஏன் என்று எழுதினால் படிக்கிறவன் வாதாட ஆரம்பித்துவிடுவான். அவர் சொன்னது மோட்டாருக்குச் சரி. விளையாட்டு அப்படியல்ல. அன்று முதல் ஒவ்வொரு விதிக்கும் கீழே "ஏன்" என்று ஒரு பத்தி சேர்க்கத் தொடங்கினேன்.

சில எளிதாக வந்தன. இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிடும். ஏன்: ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கடினம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிய லாரி எதிரே தெரிந்த பிறகு ஹாரன் அடிக்காது. ஏன்: ஹாரன், வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நாம் இருப்பதைச் சொல்வதற்கு, பார்த்துவிட்ட பிறகு அடித்தால் அது திட்டுவது போல.

மூட்டைக்கு உரிய "ஏன்" எழுதுவதற்கு நாள் பிடித்தது. முடிவில் இப்படி நின்றது:

"மூட்டைக்கு உரியவர் தம் தோட்டத்தில் வேலையாக இருக்கிறார். பஸ் வரும்வரை இங்கே நின்றால் அவருடைய அன்றைய வேலை கெட்டுவிடும். மூட்டையை யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், பஸ் அதை விட்டுவிட்டுப் போகாது என்று நம்பிப் போயிருக்கிறார். இங்கே ஆள் இல்லாதது விடுபட்டது அல்ல. ஆளைச் சேர்க்க வேண்டாம்."

படம் வரைபவர் தலைப்பாகைக்காரரை எடுத்துவிட்டார். எடுத்து அனுப்பிய படத்தோடு ஒரு குறிப்பும் வந்தது. "இப்பதான் அக்கா மூட்டை எனக்குத் தெரியுது."

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு ஒரு காலை ஸ்டூடியோ தம்பி போன் செய்தார். வழக்கமாக "அக்கா, சாப்ட்டீங்களா" என்று தொடங்குகிறவர் அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

விளையாட்டை முடித்து வெளியிடப் பணம் போட பெங்களூரில் ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. கைப்பேசி, கணினி என்று வேறு வேறு கருவிகளுக்கு, வேறு வேறு குழுக்களைக் கொண்டு இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். எங்கள் ஆவணத்தை மட்டும் ஐதராபாத்தில் உள்ள ஒரு குழுவிடம் கொடுப்பார்கள். அந்தக் குழு எங்கள் படத்தையோ நிரலையோ பார்க்காது, எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காது. ஆவணத்தைப் படித்தே பாதையின் ஒரு பகுதியைச் செய்ய வேண்டும். அது எங்கள் விளையாட்டாக வந்தால் பணம். இல்லாவிட்டால் இல்லை.

"அஞ்சு பேரு தலைக்குள்ள இருக்கற விளையாட்டு எங்களுக்கு வேண்டாம்னுட்டாங்க அக்கா. எழுத்துல இருக்கறதுதான் வேணுமாம்."

"பணம் வரலைன்னா?"

"கடையை மூட வேண்டியதுதானுங்க. இழுத்துப் புடிச்சாலும் இதுக்கு மேல ஓடாது."

நால்வரின் வேலையும் என் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததை அப்போது உணர்ந்தேன். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நிரல் எவ்வளவு நன்றாக ஓடினாலும், ஐதராபாத்துக்குப் போகப்போவது ஆவணம் மட்டும். அது தோற்றால் ஸ்டூடியோ போய்விடும். மற்றவர்கள் இளைஞர்கள், வேறு இடம் தேடிக்கொள்வார்கள். என் வயதில், இந்த மலைமேல் இருந்துகொண்டு, இன்னொரு இடம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. பயந்துபோனேன். அதே சமயம், உண்மையைச் சொன்னால், உள்ளே ஒரு துள்ளலும் இருந்தது. இத்தனை வருடம் எழுதியதில் என் எழுத்தைத் தனியாக நிறுத்தி யாரும் சோதித்ததில்லை.

அடுத்த நாள் தம்பி மறுபடி அழைத்தார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஆவணம் ரொம்ப நீளமுங்க. அவ்வளவையும் படிக்க மாட்டாங்க. அந்த 'ஏன்' எல்லாத்தையும் எடுத்துட்டா பாதியாயிருமுங்க. என்ன செய்யோணும்னு சொன்னாப் போதாதுங்களா?"

"பாதியாக்கித் தரேன். ஆனா 'ஏன்' இருக்கும்."

"அப்ப எதை எடுப்பீங்க?"

"மத்ததை எல்லாம்."

"அக்கா..."

"தம்பி, தலைப்பாகைக்காரரை மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. ஆனாலும் பெருமூச்சு விட்டார். "உங்க இஷ்டமுங்க. மூட்டையோட சேத்தி எங்களையும் பஸ்ல ஏத்திருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெட்டினேன். முதலில் போனது முன்னுரை. மலையைப் பற்றி நான் ஆசையாக எழுதியது. காலை மூடுபனி சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் இறங்குவதைப் பற்றி ஒரு பத்தி அதில் உண்டு. எழுதிய அன்று என் கணவரிடம் படித்துக் காட்டியிருக்கிறேன். நல்ல பத்திதான். ஆனால் அதை வைத்து யாராலும் எதையும் செய்ய முடியாது. அடுத்து சாலையின் வரலாறு போனது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொன்னவை போயின. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துப் பார்த்து, "இது இல்லாவிட்டால் அந்தக் குழு எதைத் தவறாகச் செய்யும்?" என்று கேட்டேன். பதில் இல்லாத வாக்கியத்தை நீக்கினேன். "ஏன்" பத்திகள் ஒன்றும் போகவில்லை.

பிறகு என் கணவரைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் இல்லை.

"எனக்கு மாட்டுக்கு ஊசி போடத்தான் தெரியும்மா. இதுல நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"அதுதான் வேணும். எழுதியிருக்கறதை மட்டும் செய்யுங்க. நீங்களா எதையும் யோசிக்காதீங்க."

"கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தானே செய்யறேன்."

சாப்பாட்டு மேசையில் ஒரு நூலைப் பாதையாக வளைத்து வைத்தோம். தீப்பெட்டி பஸ், சோப்புப் பெட்டி லாரி, உப்புப் பாக்கெட் மூட்டை. நான் ஒவ்வொரு விதியாகப் படித்தேன். அவர் அதன்படி நகர்த்தினார். லாரியை வளைவில் நிறுத்தினார். நிறுத்தியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"எறங்கற வண்டி நிக்கும்னு படிச்சே. நின்னுட்டேன். எப்போ கிளம்பணும்னு நீ சொல்லலையே. தீபாவளிக்கு வீட்டுக்குப் போலாமா, வேண்டாமா?"

எழுதினேன்: ஏறும் வண்டி முழுவதும் கடந்து சென்றதும் கிளம்பும். மாலைக்குள் இப்படிப் பல இடங்களை அடைத்தோம். மூட்டை வந்ததும் அவர் பஸ்ஸை நிறுத்தி, உப்புப் பாக்கெட்டைத் தீப்பெட்டியின் மேல் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு சாம்பாருக்கு அந்த உப்புதான்.

ஆவணம் போய்விட்டது. அது போன பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. அந்தக் காலம்தான் கடினம். காலையில் படகுத்துறை ஏரிப் பக்கம் நடப்பேன். சுற்றுலா வந்தவர்கள் படகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் மலையின் எடப்புளி நாட்டு ஊர்களிலிருந்து யாராவது கன்றுக்குட்டிக்கு மருந்து கேட்டு வந்திருப்பார்கள். டாக்டர் வரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன். மனம் மட்டும் ஐதராபாத்தில் யாரோ ஒருவர் என் வாக்கியத்தைப் படித்து நெற்றியைச் சுருக்குவதையே பார்த்துக்கொண்டிருக்கும். கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, அவருக்கு இப்போது என்ன சந்தேகம் வந்திருக்கும்? ஒவ்வொரு விதியாக நினைத்து, எதிலெல்லாம் அவர் தடுக்கி விழலாம் என்று நானே கண்டுபிடித்து, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

காட்டும் நாள் வந்தது. காலை நேரம், கணினியில் எல்லோரும் கூடினோம். கோயம்புத்தூரிலிருந்து நால்வர், மலையிலிருந்து நான், ஐதராபாத்துக் குழுவின் தலைவர், பெங்களூர் நிறுவனத்தின் சார்பில் முடிவு சொல்லப்போகும் அம்மையார். அவர்தான் ஆடிப் பார்ப்பார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

திரையில் பஸ் கிளம்பியது. நிறம் வேறு, முகங்கள் வேறு, மரங்கள்கூட வேறு. ஆனால் முதல் வளைவில் அது திரும்பிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு சீரானது. பக்கத்தில் ஓர் ஆள் நடந்து வந்தால் பின்தங்கமாட்டார். எதிரே வந்த லாரி நின்றது, பஸ் கடந்ததும் கிளம்பியது. கண்டக்டர் சில்லறை இல்லை என்றார். பின்சீட்டில் யாரோ அவரைக் கிண்டல் செய்தார்கள்.

கோழியோடு ஒருவர் ஏறினார். கோழி ஒரு பெரிய கம்பிக் கூண்டுக்குள், கிளி போல உட்கார்ந்திருந்தது. எங்கள் படம் வரைபவர் வாயைப் பொத்திக்கொண்டார். இங்கே கோழி பைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வரும். "கோழியோடு ஒருவர் ஏறுவார்" என்று எழுதியவள், கோழி எதில் வரும் என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஏன் அதைக் கேட்கவில்லை என்பது அப்போது புரிந்தது. கோழி எப்படிப் பயணம் செய்யும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? எதுவும் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்திருக்க வேண்டும்.

அம்மையார் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று தெரியவில்லை.

அடுத்த வளைவில் மழை பிடித்தது. மழைக்கான விதிகளில் நான் சாலையைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்: பிரேக் பிடித்தால் பஸ் எவ்வளவு தூரம் சறுக்கும், கண்ணாடியில் எவ்வளவு தெரியும். பஸ் வளைவைச் சுற்றியது. ஓரத்தில் ஒரு மூட்டை இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ மெதுவாகக் கை தட்டியது கேட்டது.

பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கினார். மூட்டையைத் தூக்கினார். ஆனால் பஸ்மேல் ஏற்றவில்லை. படி வழியாக உள்ளே கொண்டுவந்து, எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். பிறகுதான் விசில் அடித்தார்.

அம்மையார் விளையாட்டை நிறுத்தினார்.

"மூட்டை பஸ்ஸின் மேல் ஏற்றப்படும் என்று ஆவணத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். இது வேறாக இருக்கிறதே?"

ஆவணத்தில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இது ஆவணத்தில் இல்லை. தம்பியின் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை.

ஐதராபாத்துக் குழுவின் தலைவர் தொண்டையைச் செருமினார். "மழையில் மூட்டையை என்ன செய்வது என்று விதி இல்லை. கேட்கவும் வழியில்லை. அதனால் அதற்குக் கீழே இருந்த 'ஏன்' பத்தியை மறுபடி படித்தோம். மூட்டைக்கு உரியவர் பஸ்ஸை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று இருக்கிறது. நம்பி விட்டுப்போன பொருளை இந்த பஸ் நனைய விடாது. அப்படி விட்டால் அது வேறு பஸ். அதனால் உள்ளே வைத்தோம்."

அம்மையார் கொஞ்ச நேரம் எதையோ தேடினார். ஆவணத்தைத் திறந்து அந்தப் பத்தியைப் படிக்கிறார் என்று அவர் கண்கள் நகர்வதிலிருந்து தெரிந்தது. பிறகு என்னைக் கேட்டார்.

"இதை நீங்கள் நினைத்திருந்தீர்களா?"

"இல்லை. மழையில் மூட்டை நனையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் செய்ததுதான் சரி. எங்கள் மலை பஸ் கண்டக்டரும் மழை நாளில் அதைத்தான் செய்திருப்பார். நான் போனதெல்லாம் வெயில் நாட்களில்."

"அவர் மலைக்கு வந்திருக்கிறாரா?"

"நான் வந்ததே இல்லை," என்றார் ஐதராபாத்துக்காரர். "அது எங்கே இருக்கிறது என்றுகூட வரைபடத்தில் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டோம்."

அம்மையார் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் முறை. மறுபடி விளையாட்டைத் தொடங்கி, மேலே போய்ச் சேரும்வரை ஆடினார். மூட்டை இறங்க வேண்டிய இடத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றார். வாங்கிக்கொண்டு, மூட்டையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"கோழியைச் சரிசெய்யுங்கள்," என்றார் அம்மையார். "மற்றபடி, இது உங்கள் விளையாட்டுதான்; பணம் போடுகிறோம். மற்ற குழுக்களுக்கும் இந்த ஆவணத்தையே கொடுத்துவிடுகிறேன். ஒரு வரிகூடக் குறைக்க வேண்டாம்."

பெங்களூரும் ஐதராபாத்தும் விடைபெற்றுக்கொண்டதும் கோயம்புத்தூர் மாடி அறையில் ஒரே கூச்சல். படம் வரைபவர் அழுதுகொண்டே சிரித்தார். தம்பி கேமராவுக்கு மிக அருகில் வந்தார். மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா, அந்த 'ஏன்' எல்லாத்தையும் எடுக்கச் சொன்னேன்ல, அதை வெளிய சொல்லீராதீங்க."

"எழுதி வெச்சாச்சு தம்பி."

"அய்யோ! எங்கீங்க?"

"நாட்குறிப்புல. அன்னைக்கே."

கிளினிக்கிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். கோழிக் கூண்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிதானமாக, "நீ பாக்காததை அவன் எப்படிம்மா பாத்தான்?" என்றார்.

அவருக்குச் சாதம் போட்டபடி அதையே யோசித்தேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிய கையேடுகளை வாழ்நாளில் நிறைய எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்கள் நான் சொன்னதைச் செய்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாததையும் படிக்கிறவர் சரியாகச் செய்யும்படி நான் எழுதியது இந்த ஒரு முறைதான். அது என் கையால் நடந்தது.

சாப்பிட்ட பிறகு கணினிமுன் உட்கார்ந்தேன். கோழி பையில் வரும், தலை வெளியே இருக்கும் என்று சேர்த்தேன். மூட்டையின் விதிக்கு வந்து, "மழை பெய்தால் மூட்டையை பஸ்ஸின் உள்ளே, எஞ்சின் பெட்டிக்கு அருகில் வைத்து மூட வேண்டும்" என்று ஒரு வரி எழுதினேன். இந்த வரி ஐதராபாத்துக் குழு தந்தது என்று ஓரத்தில் குறித்தேன். அதற்கும் ஒரு "ஏன்" எழுத வேண்டும் என்று கீழே போனேன். அங்கே ஏற்கெனவே இருந்த பத்தியை இரண்டு முறை படித்தேன். மாற்ற ஒரு சொல்லும் இல்லை. கோப்பைச் சேமித்து மூடினேன்.